ஃபர்ம்வேரை எங்கே வைப்பது? மெய்நிகர் இயந்திரத்தின் முகவரி வெளி பற்றி ஒரு விரிவான பதில்

புதுச்சேரியில் கணினி அறிவியல் முதுகலை படிக்கும், கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் ஒரு மாணவி, லினக்ஸ் கர்னலில் உள்ள மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மை நேரடியாக அழைத்து மெய்நிகர் இயந்திரம் ஒன்றை ஓட்டும் சிறு நிரலை சி மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய கேள்வி இது: "128 எம்பி ரேம் கொடுத்து, 256 கேபி அளவுள்ள சீபயாஸ் கோப்பை 4 ஜிபி எல்லையை ஒட்டி வைத்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஒரு கோர் மட்டும் 100 விழுக்காடு ஓடுகிறது, திரையில் ஒன்றுமில்லை. 1 எம்பி எல்லைக்குக் கீழேயும் அது தெரிய வேண்டும் என்றார்கள். அங்கே ஒரு ஸ்லாட் கேட்டால் 'ஏற்கெனவே உள்ளது' என்று கர்னல் மறுக்கிறது. சீபயாஸை விட்டு ஓவிஎம்எஃப் வைத்தால் என் மடிக்கணினியில் ஓடத் தொடங்குகிறது, ஆனால் ஆய்வகத்தில் உள்ள பழைய கோர் 2 டுவோ கணினியில் அதுவும் இல்லை. ஒரே கோப்பை எத்தனை இடத்தில் வைப்பது, ஏன்?" நிரலையும் உடன் அனுப்பியிருந்தார். சீபயாஸ், ஓவிஎம்எஃப் இரண்டும் ஃபர்ம்வேர்கள், அதாவது கணினி விழித்தவுடன் முதலில் ஓடும் நிரல்கள். முன்னது பழைய பயாஸ் வகை, பின்னது புதிய யூஇஎஃப்ஐ வகை.

மூன்று கோளாறுகளும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மெய்நிகர் இயந்திரத்தின் முகவரி வெளியை ரேம் என்றே நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வெறும் எண் வரிசை. அந்த வரிசையின் எந்தப் பகுதிக்குப் பின்னால் ரேம் இருக்கிறது, எங்கே ரோம் இருக்கிறது, எங்கே சாதனம் இருக்கிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்பதை நிரல் எழுதுபவர்தான் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். கேவிஎம்மில் இப்படிச் சொல்வதற்கான வழி, பயனர் நினைவகப் பகுதியை அமைக்கும் ஐஆக்டில் (கர்னலிடம் வேலை கேட்கும்) அழைப்பு. கெஸ்ட்டின், அதாவது மெய்நிகர் இயந்திரத்தின், இந்த முகவரியிலிருந்து இவ்வளவு நீளத்துக்கு, என் செயல்முறையில் உள்ள இந்த நினைவகத்தைக் காட்டு என்று ஒரு ஸ்லாட் வழியாகக் கேட்கிறோம். தொடக்கமும் நீளமும் 4096 பைட் பக்கத்தின் மடங்காக இருக்க வேண்டும். எந்த ஸ்லாட்டிலும் அடங்காத முகவரியைக் கெஸ்ட் தொட்டால், கேவிஎம் ஓட்டத்தை நிறுத்தி, சாதன அணுகல் என்று நம் நிரலிடமே திருப்பிவிடும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இந்த ஏற்பாடு போதும். ஆணைகளை எடுத்து இயக்குவதற்குப் போதாது. ஸ்லாட்டே இல்லாத முகவரிக்குச் செயலி தாவினால் கேவிஎம் உள் பிழை என்று கைவிரித்துவிடும். எனவே ஃபர்ம்வேர் இருக்கும் இடம் ஒரு ஸ்லாட்டில் அடங்கியிருந்தே ஆக வேண்டும்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. 8086 செயலி விழித்தவுடன் தன் 1 எம்பி வெளியின் உச்சிக்கு 16 பைட் கீழே இருந்து முதல் ஆணையை எடுத்தது. 80286 வந்தபோது வெளி 16 எம்பி ஆனது, 1985இல் வந்த 80386இல் 4 ஜிபி ஆனது. ஒவ்வொரு முறையும் முதல் ஆணையின் இடம் உச்சிக்கு 16 பைட் கீழேயே இருக்குமாறு நகர்ந்தது. அதற்குப் பின் 64 பிட் வந்தும் அந்த இடம் 4 ஜிபி எல்லையை விட்டு அசையவில்லை. பதினாறடிமானத்தில் எழுதினால் ஏழு எஃப்பும் கடைசியில் ஒரு பூஜ்யமும் கொண்ட முகவரி அது. கேவிஎம் புதிதாக உருவாக்கித் தரும் மெய்நிகர் செயலியும் இதே நிலையில்தான் வருகிறது. கோட் செக்மென்ட் பதிவகத்தில் தெரியும் மதிப்பு எஃப்000. அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் அடிமுகவரி 4 ஜிபிக்கு 64 கேபி கீழே. ஆணைச் சுட்டி எஃப்எஃப்எஃப்0. ரியல் மோடில், அதாவது செயலி விழிக்கும்போது இருக்கும் 16 பிட் முறையில், செக்மென்ட் மதிப்பைப் பதினாறால் பெருக்கினால் அடிமுகவரி வரும் என்பது பாடப்புத்தக விதி. விழித்த கணத்தில் மட்டும் இந்த இரண்டும் பொருந்துவதில்லை. செக்மென்ட் பதிவகத்தில் புதிய மதிப்பு ஏறும் வரைதான் இந்த விலக்கு, ஏறியதும் பாடப்புத்தக விதி திரும்பிவிடும்.

இப்போது சீபயாஸ் கோப்பின் கடைசி 16 பைட்டுகளைப் பார்ப்போம். முதல் ஐந்து ஈஏ, 5பி, ஈ0, 00, எஃப்0. ஈஏ என்பது செக்மென்ட்டையும் சேர்த்து மாற்றும் தொலைதூரத் தாவல். மற்ற நான்கும் தலைகீழாகப் படிக்க வேண்டியவை. எஃப்000 செக்மென்ட்டில் ஈ05பி என்ற இடத்துக்குத் தாவு என்பது பொருள். அடுத்த எட்டு பைட்டுகளில் 06/23/99 என்ற தேதி எழுத்துகளாகவே இருக்கும். சீபயாஸ் அதை வெகுகாலமாக மாற்றாமல் வைத்திருக்கிறது. கடைசிக்கு முந்தைய பைட் எஃப்சி, பழைய ஐபிஎம் ஏடி வகைக் கணினி என்பதற்கான அடையாளம். மூல நிரலைத் திறக்குமுன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் கேள்வியின் முதல் பாதிக்கு விடை இங்கேயே இருக்கிறது.

அந்த ஈஏ இயங்கியவுடன் செக்மென்ட் பதிவகத்தில் எஃப்000 புதிதாக ஏறுகிறது, மறைந்திருந்த அடிமுகவரி 960 கேபிக்கு இறங்குகிறது, அடுத்த ஆணையைச் செயலி எஃப்ஈ05பி என்ற முகவரியில், அதாவது 1 எம்பி எல்லைக்குச் சற்றுக் கீழே, தேடுகிறது. உங்கள் நிரலில் அந்த இடம் 128 எம்பி ரேமின் ஒரு பகுதி. நினைவகம் கேட்கும் எம்மேப் அழைப்பு தந்த புத்தம்புது நினைவகம், முழுக்கப் பூஜ்யம். பூஜ்யமும் செல்லுபடியாகும் ஆணை என்பதுதான் வினை. 00 00 என்ற இரண்டு பைட்டுகளுக்கு, ஏஎல் பதிவகத்தின் மதிப்பை நினைவகத்தின் ஒரு பைட்டோடு கூட்டு என்று பொருள். ஏஎல்லும் அப்போது பூஜ்யமாக இருப்பதால் எதுவும் மாறாது. செயலி இரண்டிரண்டு பைட்டாக நடந்து செக்மென்ட்டின் விளிம்புக்கு வரும். அங்கே கடைசி ஆணை எல்லையைத் தாண்டி நீள்வதால் விதிவிலக்கு எழும். அதைக் கையாளும் நிரலின் முகவரி இருக்க வேண்டிய பட்டியலும் பூஜ்யம் என்பதால் முகவரி பூஜ்யத்துக்குத் தாவும். அங்கும் பூஜ்யங்களே. இதில் ஒருமுறைகூட நம் நிரலிடம் திரும்ப வேண்டிய காரணம் கேவிஎம்முக்கு இல்லை. பிழையில்லாமல் ஒரு கோர் முழுமூச்சாக ஓடியது இதனால்தான்.

ஆகவே ஃபர்ம்வேர் இரண்டு இடத்தில் தெரிய வேண்டும். புதுச்சேரியின் பழைய தமிழ்ப் பகுதியில் முன்வாசல் ஒரு வீதியிலும் கொல்லைவாசல் மறுவீதியிலும் திறக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கதவிலக்கம் இரண்டு, வீடு ஒன்று. கேவிஎம்மோடு பரவலாகப் பயன்படும் கியூஎமு என்ற மெய்நிகர் இயந்திர நிரல் செய்வதும் அதுதான். கோப்பு முழுவதையும் 4 ஜிபி உச்சியில் முடியுமாறு வைத்து, அதன் கடைசி 128 கேபியை மட்டும் 896 கேபி முதல் 1 எம்பி வரை மாற்றுப்பெயராகக் காட்டுகிறது. கோப்பின் அளவு 64 கேபியின் மடங்காக இல்லாவிட்டால் தொடங்கவே மறுத்துவிடுகிறது. நேரடியாகக் கேவிஎம்மோடு பேசும்போது, இரண்டு ஸ்லாட்டுகளுக்கு ஹோஸ்ட் பக்கத்தில், அதாவது நம் செயல்முறையில், ஒரே நினைவக முகவரியைக் கொடுத்தால் மாற்றுப்பெயர் கிடைத்துவிடும், அதற்குத் தடையில்லை. கெஸ்ட் பக்கத்தில் இரண்டு ஸ்லாட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுவதற்குத்தான் தடை. உங்கள் ரேம் ஸ்லாட் 0 முதல் 128 எம்பி வரை இடைவெளியில்லாமல் படுத்திருப்பதால் 896 கேபியில் கேட்ட புதிய ஸ்லாட் அதன் மேல் விழுகிறது. 'ஏற்கெனவே உள்ளது' என்று கர்னல் சொன்னது அதைத்தான்.

முறையான தீர்வு ரேமைத் துண்டாக்குவது. 0 முதல் 640 கேபி வரை ரேம். அதற்கு மேல் 768 கேபி வரை பழைய காட்சி அட்டைக்கான வெற்றிடம், அங்கே ஸ்லாட் வேண்டாம். 768 முதல் 896 வரை ஆப்ஷன் ரோம்களுக்கான (செருகு அட்டைகளின் சொந்த ஃபர்ம்வேர்) ரேம், பிறகு ஃபர்ம்வேரின் கீழ்வாசல், 1 எம்பியிலிருந்து மீதி ரேம். ஆனால் இதை இந்தக் கட்டத்திலேயே செய்யாதீர்கள் என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சீபயாஸ் தன் மாறிகளில் சிலவற்றை 1 எம்பிக்குக் கீழுள்ள அந்த 64 கேபிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அது ரோமாகவே நீடித்தால் எழுதியது எதுவும் நிற்காது. அசல் பலகைகளில் இதற்காகவே சிப்செட்டில் பாம் எனப்படும் பதிவகங்கள் உண்டு. 768 கேபி முதல் 1 எம்பி வரை உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பிட்டுகள். படிப்பது ரேமிலிருந்தா ரோமிலிருந்தா என்பதை ஒன்றும், எழுதுவது ரேமுக்குப் போக வேண்டுமா என்பதை மற்றொன்றும் தீர்மானிக்கின்றன. இன்டெலின் 440எஃப்எக்ஸ் பாலத்தில் (செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் சில்லு) இவை பதினாறடிமான 59 முதல் 5எஃப் வரையுள்ள அமைப்புப் பைட்டுகள். சீபயாஸ் அந்தப் பாலத்தைத் தேடிப் பிடித்து, பிட்டுகளைத் திருப்பி, 4 ஜிபி உச்சியில் உள்ள தன் மாசற்ற பிரதியிலிருந்து கீழே ரேமுக்குத் தன்னையே நகலெடுத்துக்கொள்ளும். மறுதொடக்கத்தின்போதும் மேலிருந்துதான் மறுபடி நகலெடுக்கும். கீழ்வாசலை மேல்வாசலோடு ஒரே நினைவகமாக்கி, எழுதவும் அனுமதித்துவிட்டால், கீழே எழுதும் ஒவ்வொரு பைட்டும் மேலே உள்ள மூலத்தையும் கெடுக்கும். முதல் தொடக்கம் நன்றாகப் போகும், இரண்டாவது தொடக்கத்தில் விழும். இப்படிப்பட்ட கோளாறுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

உங்கள் நிரலில் பாலமும் இல்லை, பாமும் இல்லை. எனவே எளிய வழியைச் சொல்கிறேன். ரேம் ஒரே ஸ்லாட்டாக இருக்கட்டும். 256 கேபி கோப்பு முழுவதையும் 768 கேபி முதல் 1 எம்பி வரை அந்த ரேமுக்குள் நகலெடுத்துவிடுங்கள். அதே கோப்பைத் தனி நினைவகமாக 4 ஜிபி உச்சியில், படிக்க மட்டும் என்ற கொடியோடு வையுங்கள். பாமைத் திருப்பி நகலெடுத்து முடித்த பின் என்ன நிலை இருக்குமோ அந்த நிலையை முன்கூட்டியே தந்துவிடுகிறோம். பாலம் கிடைக்கவில்லை என்று சீபயாஸ் முணுமுணுத்துவிட்டு மேலே போகும். கெஸ்ட் மறுதொடக்கம் கேட்கும்போது கீழ்ப் பிரதியை மறுபடி நகலெடுப்பது உங்கள் நிரலின் வேலையாகும். பாமைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் ஒரு வரி வெளியே வரட்டும்.

ஓவிஎம்எஃப் உங்கள் மடிக்கணினியில் கீழ்ப் பிரதி இல்லாமலே ஓடத் தொடங்கியது எப்படி என்பதும் அந்தக் கடைசி 16 பைட்டுகளில்தான் இருக்கிறது. அங்கே இருப்பது அருகிலேயே தாவும் தாவல், செக்மென்ட்டைத் தொடாது. மறைந்திருக்கும் உயர்ந்த அடிமுகவரி அப்படியே நீடிக்க, 4 ஜிபிக்குக் கீழுள்ள கடைசி 64 கேபிக்குள் இருந்தபடியே 32 பிட் புரொடெக்டட் மோடுக்கு ஏறிவிடுகிறது. 1 எம்பிக்குக் கீழே தன் பிரதி இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. அதற்கு வேறொரு தேவை உண்டு, தன்னைப் பற்றிய அமைப்புகளை நிலையாக எழுதிவைக்க ஓர் இடம்.

4 எம்பி ஓவிஎம்எஃப் இரண்டு கோப்புகளாக வரும். நிரல் கோப்பு 3568 கேபி, மாறிகளின் கோப்பு 528 கேபி. நிரல் கோப்பு 4 ஜிபியில் முடிய, மாறிகள் அதற்கு நேர் கீழே அமரும். கியூஎமுவில் பிஃபிளாஷ் என்ற பெயரில் முதல் அலகாக நிரலையும் இரண்டாம் அலகாக மாறிகளையும் தருவது இந்த வரிசைக்காகத்தான். நிரலை எல்லா மெய்நிகர் இயந்திரங்களும் பகிர்ந்துகொள்ளலாம். மாறிகளின் கோப்பு மட்டும் இயந்திரத்துக்கு ஒன்று வேண்டும். எந்த வட்டிலிருந்து தொடங்குவது, செக்யூர் பூட் சாவிகள் எவை என்பதெல்லாம் அதில்தான் பதிவாகின்றன. அதன் உள்ளமைப்பும் கவனிக்கத்தக்கது: மாறிகளுக்கு 256 கேபி, நிகழ்வுப் பதிவுக்கு 4, எழுதும் பணியின் குறிப்புக்கு 4, மாற்றிடமாக 264. அழித்து எழுதும் நடுவே ஓட்டம் அறுந்தாலும் மாற்றிடத்திலிருந்து மீட்கலாம் என்பதே ஏறத்தாழப் பாதி இடத்தை இப்படி ஒதுக்கியதன் காரணம். கார்த்திகை மாதத்துக் கடலூரில் மின்சாரத்தை நம்பி வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கனமின்மை புரியும்.

மாறிகள் பகுதியைச் சாதாரண ரேமாகவே காட்டினால் என்ன? ஓவிஎம்எஃப் கண்டுபிடித்துவிடும். அந்தப் பகுதியில் ஒரு பைட்டைத் தேர்ந்து 50 என்று எழுதும் (இங்கே வரும் கட்டளை எண்கள் எல்லாம் பதினாறடிமானம்). அது இன்டெல் வகை ஃபிளாஷுக்கு நிலையைத் துடை என்ற கட்டளை. திரும்பப் படிக்கும்போது அதே 50 வந்தால் இது ரேம் என்று முடிவுகட்டும். வராவிட்டால், நிலையைக் காட்டு என்று பொருள்படும் 70ஐ எழுதிப் படிக்கும். பழைய பைட்டே வந்தால் ரோம், பூஜ்யம் வந்தால் ஃபிளாஷ். ஃபிளாஷ் இல்லை என்று ஆனால் மாறிகளை நினைவகத்திலேயே வைத்துச் சமாளிக்கும், ஆனால் இயந்திரத்தை அணைத்தால் அவை அந்தக் கோப்புக்குத் திரும்பியிருக்காது.

எனவே மாறிகள் பகுதிக்கு இரண்டு முகங்கள் வேண்டும். படிக்கும்போது நினைவகம், எழுதும்போது சாதனம். படிக்க மட்டும் என்ற கொடியுள்ள ஸ்லாட் இதற்கு அப்படியே பொருந்துகிறது. படிப்பு நேராக நினைவகத்திலிருந்து வேகமாக நடக்கும், எழுத்து ஒவ்வொன்றும் சாதன அணுகலாக நம் நிரலிடம் வரும். 10 அல்லது 40 வந்தால் அடுத்து வரும் பைட்டை எழுதுகிறோம். 20க்குப் பின் டி0 வந்தால் ஒரு தொகுதியை அழிக்கிறோம், அதாவது எல்லாப் பிட்டுகளையும் 1 ஆக்குகிறோம். இடையில் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டளை கொடுத்த பின் கெஸ்ட் அதே முகவரியைப் படித்து நிலையைக் கேட்கும், அப்போது நினைவகத்தில் உள்ள பைட்டைத் தரக் கூடாது. ஆகவே கட்டளை முறைக்குள் நுழைந்ததும் ஸ்லாட்டையே நீக்கிப் படிப்பும் நம்மிடம் வருமாறு செய்து, எஃப்எஃப் என்ற கட்டளை வந்ததும் ஸ்லாட்டைத் திரும்ப வைக்க வேண்டும். கியூஎமு இப்படித்தான் செய்கிறது. ஒரு மாறியை எழுத ஸ்லாட் பலமுறை போய்வரும் என்பதால் இது மெதுவான வேலை, ஆனால் அடிக்கடி நடப்பதில்லை. நிரல் பகுதியை எக்காரணம் கொண்டும் எழுதவிடாதீர்கள். கெஸ்ட்டுக்குள் புகுந்த தீய நிரல் ஃபர்ம்வேரிலேயே குடியேற அது வழிவிடும்.

ஆய்வகத்துக் கணினிக்கு வருகிறேன். உங்கள் நிரலில் டிஎஸ்எஸ் எனப்படும் பணிநிலைப் பகுதியின் முகவரியை அமைக்கும் ஐஆக்டில் ஒன்று இருக்கிறது, பல மாதிரி நிரல்களில் காணப்படும் அதே எண்ணோடு. அந்த எண் 4 ஜிபிக்கு 268 கேபி கீழே விழுகிறது. அங்கிருந்து மூன்று பக்கங்கள், அதாவது 12 கேபி, கேவிஎம்முக்குச் சொந்தம். கணக்கிட்டால் அது 4 ஜிபிக்கு 256 கேபி கீழே சரியாக முடிகிறது. 256 கேபி சீபயாஸுக்கு ஒரு பைட்டும் இடிக்காத இடம். 4 எம்பி ஓவிஎம்எஃபுக்கோ அது நிரலின் நடுவயிறு. வெஸ்ட்மியர் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளின் விடி-எக்ஸ் எனும் மெய்நிகராக்க வசதியால் ரியல் மோடை நேரடியாக ஓட்ட முடியாது. அதற்கான ஏற்பாட்டுக்குத்தான் கேவிஎம் அந்த மூன்று பக்கங்களைக் கேட்கிறது. புதிய செயலிகளில் அந்தத் தேவை இல்லை, அழைப்பை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாது. அதனால் மடிக்கணினியில் மோதல் தெரியவில்லை, கோர் 2 டுவோவில் தெரிந்தது. இதற்குத் துணையாக ஐடென்டிட்டி மேப் என்று இன்னொரு பக்கமும் உண்டு, நாம் வேறிடம் சொல்லாவிட்டால் அது டிஎஸ்எஸ்ஸின் வழக்கமான இடத்துக்கு நேர் கீழே அமரும். இரண்டையும் 4 ஜிபிக்கு 16 எம்பி கீழே முடியுமாறு தள்ளிவிடுங்கள். கியூஎமுவும் பெரிய ஃபர்ம்வேருக்கு இடம்விட அங்கேதான் வைத்திருக்கிறது. அதற்குக் கீழே எதையும் நகர்த்தும்முன் குறுக்கீடுகளைக் கையாளும் ஐஓ ஏபிக், லோக்கல் ஏபிக், நேரங்காட்டியான எச்பெட் ஆகியவற்றின் முகவரிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவை அந்தப் பக்கத்தில்தான் நெருக்கமாகக் குடியிருக்கின்றன.

இவை அனைத்தும் எக்ஸ்86 உலகத்தின் பழங்கணக்கு. ஆர்ம் செயலிக்கான, கியூஎமுவின் விர்ட் என்ற இயந்திரத்தில் ஃபிளாஷ் முகவரி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, 64 எம்பி வீதம் இரண்டு. ரேம் 1 ஜிபியில் தொடங்குகிறது. அங்கே கோப்பைச் சரியாக 64 எம்பிக்கு நீட்டித்துத் தர வேண்டும் என்பதைத் தவிரப் பெரிய சிக்கல் இல்லை. கர்னல் ஒன்றை மட்டும் ஓட்டுவதே நோக்கமென்றால் ஃபர்ம்வேரே வேண்டாம். ஃபயர்கிராக்கர் என்ற சிறு மெய்நிகர் இயந்திர நிரல் செய்வதைப் போல கர்னலை நேராக ரேமில் ஏற்றி, பதிவகங்களை நாமே நிரப்பிச் செயலியை ஓடவிடலாம். உங்கள் திட்டப்பணியின் தலைப்பு ஃபர்ம்வேர் என்பதால் அந்தக் குறுக்குவழியை இங்கே பரிந்துரைக்கவில்லை.

சோதிக்கும் முறை ஒன்று. சீபயாஸ் தன் செய்திகளைப் பதினாறடிமான 402ஆம் போர்ட்டில் எழுதும், ஆனால் முதலில் அதே போர்ட்டைப் படித்துப் பார்க்கும். ஈ9 என்ற பைட் கிடைக்காவிட்டால், கேட்க ஆளில்லை என்று எண்ணி வாயை மூடிக்கொள்ளும். எனவே படிப்புக்கு ஈ9 திருப்பித் தந்து, எழுதுவதை அப்படியே திரையில் காட்டுங்கள். பெயரும் பதிப்பும் கொண்ட முதல் வரி வந்துவிட்டால் வரைபடம் சரி. அதற்குப் பின் நின்றால் ரேமின் அளவைச் சொல்லும் சிமாஸ் (அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் சிறு நினைவகம்) பைட்டுகளைப் பாருங்கள். 16 எம்பிக்கு மேலுள்ள ரேமை 64 கேபி துண்டுகளாக எண்ணிப் பதினாறடிமான 34, 35ஆம் இடங்களில் தர வேண்டும். உங்கள் 128 எம்பிக்கு அது 1792 துண்டுகள், ஆகவே 34இல் 00, 35இல் 07.